பத்தரை மணி நிழல்

அந்த நிழலை வெளியே வைத்துப் பூட்டியவள் நான்தான். திறப்பு என் கைப்பைக்குள் கிடந்தது. அப்படியிருந்தும் ஐந்தாம் நாள் அது மேலே வந்து நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கணினித் திரையில்.

நல்லூரில் ரியூசன் வகுப்புகள் நிறைந்த ஓர் ஒழுங்கையில், ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. வீட்டுக் கூரைகளில் சோலர் தகடு பூட்டிக் கொடுப்பது கம்பனியின் வேலை. பூட்டியபின் அவை ஒழுங்காக உற்பத்தி செய்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு கூரையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தன் கணக்கை அனுப்பும். அது ஒரு வரைபாக விழும். இன்றைய உற்பத்தி நீலக் கோடு. காலையில் எழும்பி, நடுப்பகலில் உச்சிக்குப் போய், பின்னேரம் இறங்கும். கவிழ்த்து வைத்த சட்டி போல இருக்கும். அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதே வீடு முந்தின வருடங்களில் இதே நாட்களில் எப்படி இருந்தது என்பதை அது சொல்லும். நீலம் சாம்பலுக்குள் ஓடினால் எல்லாம் சரி. கீழே இறங்கினால் சிவப்பு எச்சரிக்கை வரும். மேலே ஏறினால் எவரும் எதுவும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பண்டத்தரிப்பில் மற்றவர்களின் வெங்காயத் தறையில் வேலை செய்பவர்கள். அம்மா கைநாட்டு. அப்பாவுக்குப் பஸ்ஸின் இலக்கம் மட்டும் தெரியும். நான் பல்கலைக்கழகம் போனேன். எனக்கு அதில் பெருமை உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன். வேலை கிடைத்த முதல் மாதம் அம்மாவுக்கு என் போனில் வரைபைக் காட்டினேன்.

"கோடு பாக்கிறதுக்கோ உனக்குச் சம்பளம் தருகினம்?" என்றார்.

"கோட்டை வாசிக்கிறதுக்கு அம்மா."

"அப்ப வடிவாய் வாசி. பிறகு பிழையாய் வாசிச்சிட்டாய் எண்டு திருப்பிக் கேக்கப் போகினம்."

மானிப்பாய் வீடு என் கைக்கு வந்தது ஆவணி முடியும் நாட்களில். சொந்தக்காரர் ஆஸ்திரேலியாவில் இருப்பவர். அவருடைய மச்சானின் கூரையிலும் அதே அளவு தகடுதான், அதே ஊர்தான், ஆனால் தன்னுடையது கொஞ்சம் குறைவாகவே தருகிறது, ஏன் என்று கேட்டிருந்தார். எங்கள் பொறுப்பாளர், எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுபவர், அதை என்னிடம் தந்தார்.

"உமக்கு முதல் வீடு. காரணத்தைக் கண்டுபிடியும் பாப்பம்."

பார்த்தேன். நீலம் சாம்பலுக்குள் அச்சொட்டாக ஓடியது. ஒரு பிழையும் இல்லை. இரண்டு நாள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது, அந்தப் பட்டை ஒரு சராசரி என்று. ஒரு குறை நாள்தோறும் இருந்தால் அதுவும் வழக்கத்துக்குள் சேர்ந்துவிடும். பிறகு அதைக் குறை என்று எந்த எச்சரிக்கையும் சொல்லாது. சராசரியை நீக்கிவிட்டு ஒவ்வொரு நாளின் கோட்டையும் தனித்தனியே ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினேன்.

அங்கே இருந்தது. ஒவ்வொரு நாளும் காலை பத்தரைக்குக் கோட்டில் ஒரு கடி. எலி கடித்த பாண் துண்டைப்போல. இருபது நிமிடம் கழித்துக் கோடு பழையபடி மேலே வந்துவிடும். மேகமென்றால் நாளுக்கொரு நேரம் வரும். மரநிழலென்றால் மாதத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். இது பத்தரையை விட்டு அசையவில்லை.

பின்னோக்கிப் போனேன். பங்குனி நடுப்பகுதிக்கு முன்னால் கடி பத்தரையில் இல்லை, பதினொன்றரையில் இருந்தது. ஐப்பசி நடுப்பகுதி வரை அப்படி. அதற்கு முன்னால் மறுபடி பத்தரை. ஒரே இரவில் ஒரு மணித்தியாலம் தாவியிருந்தது. அதற்கும் முந்தின வருடத்திலும் அதே மாதங்களில் அதே தாவல். இன்னும் பின்னே போனால், தகடு பூட்டிய முதல் எட்டு மாதம் கோடு வழுவழுவென்று கிடந்தது. பிறகு ஒரு நாள், முன்னறிவித்தல் எதுவும் இல்லாமல், கடி தொடங்குகிறது.

அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மரமாயிருக்கும்."

"மரநிழல் ஒரு ராத்திரியிலை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போகுமோ அண்ணை?"

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "அப்ப பேய்தான். மணிக்கூடு கட்டின பேய்."

பக்கத்து மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில் மானிப்பாயில் இறங்கினேன். தகடு பூட்டிய காலத்திலிருந்து அந்த வீட்டு வாசற்படலையின் திறப்பு ஒன்று அலுவலகத்தில் இருந்தது. பெரிய வீடு. யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஆனால் முற்றம் கூட்டியிருந்தது. வீட்டின் பக்கவாட்டில் மொட்டைமாடிக்குப் போகும் படி. அதன் அடியில் ஒரு கிறில் கதவு, பூட்டில்லாமல். வீட்டுக்குள் போன் கவறேஜ் இல்லாதபடியால், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டரைப் படியின் உச்சியில், கூரைபோட்ட ஒரு சின்ன முகப்பில் பூட்டியிருந்தார்கள். அங்கிருந்துதான் அது தன் கணக்கை எங்களுக்கு அனுப்புகிறது.

மேலே ஏறி நாலு பக்கமும் பார்த்தேன். தகட்டில் நிழல் விழுத்தக்கூடிய மரமோ கம்பமோ கிட்ட இல்லை. பக்கத்தில் இரும்புத் தூணில் நின்ற தண்ணீர்த் தாங்கியும் வடக்கே தள்ளி, தகட்டை விடத் தாழ்வாகவே நின்றது. முதல் வரிசைக்கு முன்னால் மட்டும் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை கிடந்தது. மொட்டைமாடியில் கதிரை போடுபவர்கள் தெருவைப் பார்க்கப் போடுவார்கள். இது தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகட்டை முட்டுகிற மாதிரி இருந்தது. தகடெல்லாம் செம்மண் தூசி. கதிரைக்கு நேரே மட்டும் ஒரு முகத்தின் அளவுக்குத் துடைத்திருந்தது. அதன் ஓரத்தில் ஐந்து விரல்கள் இழுபட்ட தடம். குனிந்து பார்த்தபோது கறுத்தக் கண்ணாடிக்குள்ளிருந்து என் முகம் என்னைப் பார்த்தது. அந்தக் கதிரையில் இருப்பவர் நாள்தோறும் இதைத்தான் பார்க்கிறாரா என்று நினைத்தேன். வெயில் கொளுத்தியது. படியில் இறங்கும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன்.

"அங்கை ஒருத்தரும் இல்லைப் பிள்ளை," என்றார். "வெள்ளிக்கிழமையிலை ஒரு மனிசி வந்து முத்தம் கூட்டி விளக்கு வைப்பா. அம்மா இருக்கேக்கை அம்மாவைப் பாத்தவ. அவவுக்கு முழங்கால் ஏலாது, மேலை ஏறமாட்டா. உது எப்ப தொடங்கினது?"

திகதியைச் சொன்னேன். அவர் அந்தத் திகதியைத் தன் வாயால் ஒருதரம் திருப்பிச் சொன்னார்.

"அடுத்த நாள்," என்றார்.

"என்னத்துக்கு அடுத்த நாள்?"

"அம்மாவின்ரை அந்தியேட்டி முடிஞ்ச அடுத்த நாள். அண்டைக்குத்தான் வைஃபையும் வெட்டி, வீட்டையும் பூட்டிக்கொண்டு பிளேன் ஏறினனான்."

அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியை. அதோடு செத்தவர் வீட்டை விட்டுப் போய்விடுவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதுவரை அவருக்கென்று ஒரு விளக்கு எரியும், ஒரு செம்பில் தண்ணீர் இருக்கும். அதன்பின் எதுவும் வைக்க மாட்டார்கள். போகவேண்டிய நாளுக்கு மறுநாள் இங்கே ஒன்று வந்திருக்கிறது.

"மேலை போற கிறிலுக்கு ஒரு ஆமைப்பூட்டுப் போட்டுவிடுங்கோ பிள்ளை," என்றார். குரல் இறங்கியிருந்தது. "திறப்பு உங்களிட்டையே இருக்கட்டும்."

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக்கூடாது. அம்மா என் கைப்பைக்குள் பேய்க்குக் காவலாக ஒரு தேசிக்காயைப் போட்டார். "நான் படிச்சனான் அம்மா," என்றேன். "பேய் சேட்டிபிக்கட் பாக்கிறதில்லை," என்றார். தேசிக்காயை எடுத்து எறிய எனக்கும் மனம் வரவில்லை.

பூட்டினேன். மறுநாள் பத்தரை மணிக்குத் திரையின் முன்னால் இருந்தேன். நீலக் கோடு தடங்கலில்லாமல் ஏறியது. சாம்பல் பட்டை பத்தரையில் வழமைபோல் குழிந்தது. நீலம் அந்தக் குழிக்கு மேலால் நேரே போய்விட்டது. அண்ணை அதைப் படம் பிடித்து அலுவலகக் குழுவில் போட்டார். "நிழலுக்குப் பூட்டுப் போட்ட பிள்ளை" என்று எழுதியிருந்தார். அன்று முழுக்க நான் நிலத்தில் நடக்கவில்லை.

இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள்தான் எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பின்னால் சாம்பலில் குழி இருக்கிறது, முன்னால் ஆள் இல்லை. ஒரு சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கு மட்டும் கோப்பை வைத்து, அவர் வராமல் இருப்பதைப்போல. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. கோடு மேலே போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று சொன்னேனே. நாலாம் நாள் பத்தரை மணிக்கு நான் வேண்டுமென்றே எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன்.

ஐந்தாம் நாள் பத்து நாற்பதுக்குக் கோடு விழுந்தது.

முந்தினதைவிட ஒடுக்கமாக, ஆழமாக. பன்னிரண்டு நிமிடம்தான். கைப்பையைத் திறந்து பார்த்தேன். திறப்பு இருந்தது. பக்கத்தில் தேசிக்காய், ஒரு பக்கம் வாடிப்போய். மேகமா என்று, அதே ஊரில் இருக்கும் சொந்தக்காரருடைய மச்சானின் கூரை வரைபைத் திறந்து பார்த்தேன். அங்கே கோடு கண்ணாடிபோல் கிடந்தது. நான் எவரிடமும் சொல்லவில்லை. நிழலுக்குப் பூட்டுப் போட்ட பிள்ளை என்று எல்லோரும் கைதட்டியிருந்தார்கள். பூட்டு வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆறாம் நாள் அரைநாள் லீவு போட்டேன். காலை பத்து மணிக்கு முன்னமே மானிப்பாய் வீட்டுக்குப் போய், பூட்டை இழுத்துப் பார்த்தேன். நான் போட்டபடியே இருந்தது. திறந்து, உள்ளே நின்று மறுபடி பூட்டிக்கொண்டு, மேலே ஏறி, முகப்புக்குள் இன்வேட்டரோடு ஒட்டி நின்றேன். அது மெல்லிய குரலில் முனகிக்கொண்டிருந்தது. அதன் சின்னத் திரையில் இலக்கங்கள் ஏறிக்கொண்டிருந்தன. கதிரை அதே இடத்தில், அதே பக்கம் பார்த்துக்கொண்டு.

பத்து இருபது இருக்கும். கீழே எங்கோ இரும்பில் ஒரு தட்டுச் சத்தம். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு சத்தம், கொஞ்சம் மேலே. ஒவ்வொரு சத்தத்துக்கும் இடையில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. படிப் பக்கத்திலிருந்து வரவில்லை. படி இல்லாத பக்கத்திலிருந்து வந்தது. நான் தேசிக்காயை இறுக்கிப் பிடித்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒரு கறுத்தக் குடை மாடியின் சுற்றுமதிலுக்கு மேலால் வந்து உள்ளே விழுந்தது. ஆள் இல்லை, குடை மட்டும். பிறகு ஒரு கை மதிலைப் பிடித்தது. பிறகு நரைத்த தலை. தண்ணீர்த் தாங்கியின் இரும்பு ஏணியால் ஏறி, அங்கிருந்து ஒரு காலை மதிலுக்கு மேல் போட்டு, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மனிசி உள்ளே இறங்கினார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. என்னைக் காணவில்லை. கதிரையில் இருந்தார். தலைப்பு முடிச்சிலிருந்து போனை எடுத்துத் தகட்டின் சரிவில் சாத்தி வைத்தார். வெயிலில் திரை தெரியாததால் குடையை விரித்து அதற்கு மேல் பிடித்தார்.

குடையின் நிழல் தகட்டில் விழுந்தது. என் பக்கத்தில் இன்வேட்டரின் முனகல் இறங்கியது. இலக்கங்கள் விழத் தொடங்கின. இத்தனை நாள் நான் நல்லூரில் இருந்து பார்த்த கடி அதுதான்.

போன் அடித்தது.

"மோனை," என்றார். "சாப்பிட்டனியே?"

"பஸ்ஸிலை நிக்கிறன் அம்மா. நேற்று ஏன் அவசரமாய் வைச்சனீங்கள்? அதுக்கு முதல் நாலு நாள் எங்கை போனனீங்கள்? செத்துப்போனியள் எண்டு நினைச்சன்."

"வாய்க்கு வந்தபடி கதையாதை. இங்கை மேலை போற வழியைப் பூட்டிப்போட்டாங்கள் படுபாவியள்."

நான் ஒரு அடி முன்னே வைத்திருக்க வேண்டும். கறுத்தக் கண்ணாடியில் அவருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முகம் தெரிந்திருக்கிறது. "ஐயோ அம்மா! நீங்களோ?" என்று அலறிக்கொண்டு எழும்பினார். கதிரை விழுந்தது. அவர் கூப்பிட்டது என்னையல்ல, அந்த வீட்டில் செத்துப்போன அம்மாவை.

"ஆரம்மா? ஆர் அங்கை?" என்று போன் கத்தியது.

"நான்... நான் சோலர் கம்பனி," என்றேன். அதைவிட வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கம்பனியோ? கையிலை என்ன தேசிக்காய்?"

மகன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவன் கதைத்து முடித்து வேலைக்கு இறங்கியபின் அவர் சொன்னார். பதினொரு வருடமாக லண்டனில். விசா இல்லை, வர முடியாது. ஒரு அறையில் ஏழு பேர். ஆறுதலாகக் கதைக்க வேலைக்குப் போகும் பஸ்தான், அதுவும் அங்கத்தைய காலை ஆறு மணி, இங்கே பத்தரை.

"அம்மா இருக்கேக்கை இந்த வீட்டு வைஃபையிலை கதைச்சனான். அவவும் பக்கத்திலை இருந்து சுகம் விசாரிப்பா. அந்தியேட்டியோடை எல்லாத்தையும் வெட்டிப் பூட்டிப்போட்டினம். என்ரை வீடு பள்ளத்துக்கை, சுத்திவரப் பனை. அவன்ரை முகம் துண்டு துண்டாய்த்தான் வரும். இங்கை மேலை வந்தால் முழுசாய்த் தெரியும்."

"ஏன் ஒரு காலத்திலை பத்தரை, ஒரு காலத்திலை பதினொண்டரை?"

"அங்கை மாரிக்கு மணிக்கூட்டைத் திருப்பி வைப்பினமாம். எங்கடை மணிக்கூடு ஓடினபடி ஓடுது." பிறகு கேட்டார்: "பூட்டு ஆர் போட்டது?"

"நான்தான்."

"ம். வடிவாய்த்தான் பூட்டியிருக்கிறியள்."

"உங்களுக்கு முழங்கால் ஏலாதெண்டு சொன்னவை."

"ஏலாதுதான். அதுதான் அஞ்சாம் நாள் வந்தனான். ஏலுமெண்டால் முதல் நாளே வந்திருப்பன்." சேலைத் தலைப்பால் இரத்தத்தை ஒற்றினார். அதுவரை இருந்த குரல் மாறியது. "பிள்ளை, அவையளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. நம்பித் திறப்புத் தந்தவை. படலைத் திறப்பை வாங்கிப்போட்டால் நான் எங்கை நிண்டு அவனோடை கதைக்கிறது?"

அவரைப் படியால் இறக்கிவிட்டு, கிறிலை மறுபடி பூட்டினேன். ஆனால் உள்ளே முடிவெடுத்திருந்தேன். சொந்தக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, இருபது நிமிட நிழலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, நானே அவருக்காகக் கேட்பது என்று. உண்மையைக் கண்டுபிடித்தவள் அதைச் சொல்லவும் வேண்டும் என்பது என் எண்ணம். பஸ் தரிப்பிடத்தில் நின்று போனை எடுத்தேன்.

நான் வாய் திறக்க முன் அவர் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, அந்தப் பூட்டைக் கழட்டிவிடுங்கோ."

"ஏன்?"

"நாலு நாள் அம்மா வரேல்லை. நீங்கள் சொன்ன நாள் துவக்கம் நான் வேலையிலை இருந்து போனிலை உந்த வரைபைத்தான் பாக்கிறன். நாலு நாளும் கோடு நேரே போச்சுது. நேற்று வந்தவ. இண்டைக்கும் வந்தவ. பூட்டைத் தாண்டி வந்தவ." மூச்சு இழுத்தார். "அவ சாகேக்கை நான் கிட்ட இல்லை. செத்தாப் பிறகு வந்தவவையும் வெளியிலை விட்டுப் பூட்டிப்போட்டனே பிள்ளை."

பஸ் ஒன்று வந்து நின்று போனது. நான் ஏறவில்லை. என் நாக்கு நுனியில் உண்மை முழுதாக இருந்தது: பெயர், வயது, முழங்கால், குடை, லண்டன் பஸ். அதைச் சொன்னால் அந்தப் பக்கம் ஒருவருக்குத் தாய் இரண்டாம் முறை செத்துப்போவாள். இந்தப் பக்கம் ஒரு தாய் என்ன ஆவாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

"ஓம்," என்றேன். "கழட்டிவிடுறன்."

திரும்பிப் போய்க் கழற்றினேன். அலுவலகப் பதிவில் அந்த வீட்டுக்குக் கீழே காரணம் எழுத ஒரு பெட்டி உண்டு. "நிழல். உரிமையாளர் அறிவார்" என்று எழுதினேன். அண்ணை வாசித்துவிட்டு, "என்னத்தை அறிவார்?" என்று கேட்டார். "நிழல் எண்டு அறிவார் அண்ணை." அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் மேசைக்குப் போய்விட்டார்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் பத்தரைக்குக் குழி விழுந்தது. ஒவ்வொரு நாளும் நான் பார்த்தேன். வேறொரு நாட்டில் சொந்தக்காரரும் அதே நேரம் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆளில்லாத ஒரு கதிரையைச் சுற்றி நாங்கள் இருவரும் நிற்பதுபோல் இருக்கும்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. பத்து நாற்பதுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"நேற்றும் இந்த நேரத்துக்கு வரேல்லை. ஞாயிறெண்டபடியால் ஏதோ பிழைச்சிட்டுது எண்டு விட்டிட்டன். இண்டைக்கும் வரேல்லைப் பிள்ளை. அம்மா ஒரேயடியாய்ப் போட்டாவோ?"

திரையில் நீலக் கோடு குழிக்கு மேலால் நேரே போய்க்கொண்டிருந்தது. அந்த இரும்பு ஏணி கண்ணில் வந்தது. பிறகுதான் திகதியைப் பார்த்தேன். போன வருடத்துக் கோட்டை எடுத்து இன்றைய கோட்டின்மேல் வைத்தேன்.

"ஒரு மணித்தியாலம் பொறுங்கோ," என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"போன வருசமும் இதே கிழமை தள்ளித்தான் வந்தது. அதுக்கு முதல் வருசமும். பழைய கோட்டிலை கிடக்கு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. லண்டனைப்போல அவர் இருக்கும் ஊரிலும் மணிக்கூட்டைத் திருப்புவார்கள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அன்று அவர் கேட்காமல் விட்டது தெரியாமலா, தெரிந்தா என்பதை இன்றுவரை அறியேன்.

அந்த ஒரு மணித்தியாலமும் நான் வேறு வீடு எதையும் திறக்கவில்லை. பதினொன்று இருபத்தைந்து. கோடு உச்சியை நோக்கிப் போனது. பதினொன்றரை. அசைவில்லை. பதினொன்று முப்பத்தைந்துக்கு அடுத்த புள்ளி விழுந்தது, முந்தினதற்கு நன்றாகக் கீழே.

போன் ஒருதரம் அதிர்ந்தது. ஒரேயொரு சொல் வந்திருந்தது.

"வந்திட்டா."

திரையில் குழி ஆழமாகிக்கொண்டிருந்தது. நான் "ஓம்" என்று எழுதி அனுப்பினேன்.